மூன்று எக்ஸ் கூட்டல் ஆறு

முன்னறையில் சிரிப்பு வெடித்தது. அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

"மாப்ள, இங்க பாருங்க! உங்க வீட்டம்மா எக்ஸைக் கண்டுபிடிச்சிட்டாங்க!"

அண்ணனின் குரல். அவளுடைய கணக்கு நோட்டு அவர் கையில் சிக்கிவிட்டது என்று பார்க்காமலே தெரிந்தது.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. தையல் கம்பெனியின் வெட்டும் பிரிவில் இருபது வருடமாக வேலை. எல்லோருக்கும் அவள் 'கத்திரியக்கா'. துணியைத் தொட்டுப் பார்த்தே, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் மேற்பார்வையாளர் நாற்காலி பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டது. அவளிடம் கத்திரி பிடிக்கக் கற்ற மூன்று பேர் அவளுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு அவளையே அதட்டினார்கள். மூன்றாவது ஆள் அதட்டிய அன்று தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். மற்ற பாடங்கள் தேறிவிட்டாள். கணக்கு ஒன்றுதான் பாக்கி. நாளைக் காலை பத்து மணிக்குப் பரீட்சை.

அண்ணன் வந்ததோ அவளைக் கூட்டிப்போக. அண்ணிக்கு முழங்காலில் ஆபரேஷன். பத்து நாள் சமைத்துப்போட ஆள் வேண்டுமாம்.

அவள் முன்னறைக்கு வந்து ஸ்டூலில் வைத்த வேகத்தில் டீ பாதி சிந்தியது.

"நோட்டைக் குடுங்கண்ணா."

"இரும்மா. மூணு எக்ஸ் கூட்டல் ஆறு, சமம் நாப்பத்தெட்டு. நீ எக்ஸ் பத்துன்னு போட்டிருக்க. மூணு பத்து முப்பது, ஆறு சேத்தா முப்பத்தாறு. மிச்சம் பன்னண்டு எங்க போச்சு? எலி தின்னுடுச்சா?" மறுபடி சிரித்தார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? பையை எடு. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

கணவர் பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது, 'இவ எட்டாவதோட நிக்கட்டும்ப்பா, எனக்குப் பரீட்சை இருக்கு' என்று அப்பாவிடம் சொன்ன அண்ணனின் அதே வாய்!

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். நாற்பத்தெட்டை மூன்றாக வகுத்துப் பதினாறு, அதில் ஆறு கழித்துப் பத்து. கத்திரி பிடித்த கை செய்த வேலை அது. வெட்டும் மேசையில் அப்படித்தான்: முதலில் துணியைத் துண்டு போடு, பிறகு ஒவ்வொரு துண்டிலும் தையலுக்கு ஓரம் கழித்து விடு. ஆனால் இந்த ஆறு துண்டுக்குத் துண்டு விட்டது இல்லையே! மூன்றையும் சேர்த்த பிறகு ஓரத்தில் ஒரே ஒரு முறை போட்ட ஒட்டு. கடைசியாகப் போட்ட ஒட்டைத்தானே முதலில் பிரிக்க வேண்டும்?

பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினாள்.

48 − 6 = 42
42 ÷ 3 = 14

"பதினாலு. போட்டுப் பாருங்க. மூணு பதினாலு நாப்பத்திரண்டு, ஆறு சேத்தா நாப்பத்தெட்டு. எலி ஒண்ணும் தின்னல."

அண்ணனின் முகம் சிறுத்தது. "ஒரு கணக்கு வந்துட்டா பெரிய மேதாவியா? கிளம்பு, பஸ் போயிடும்."

"எத்தனை தடவைண்ணா கிளம்புறது?" குரல் உடைந்தது, ஆனால் தணியவில்லை. "அண்ணியோட ரெண்டு பிரசவம், உங்களுக்கு வந்த காமாலை, நீங்க வீடு மாத்தின நாலு தடவை. கூப்பிட்டப்பல்லாம் வந்தேன். அன்னிக்கு உங்களுக்குப் பரீட்சைன்னு நான் நின்னேன். நாளைக்கு எனக்குப் பரீட்சை. யாரு நிக்கப்போறாங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க லீவு போடுங்க. சோறு வேகுறவரைக்கும் அடுப்புகிட்ட நின்னா போதும். எக்ஸெல்லாம் கண்டுபிடிக்க வேணாம்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது.

"கேட்டீங்களா மாப்ள, இவ பேசுறதை?"

"கேட்டேன் மச்சான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னீங்களே..."

அண்ணன் விருட்டென்று எழுந்து செருப்பை மாட்டினார். "இனிமே இந்த வாசப்படி மிதிச்சா கேளு!"

'இருங்கண்ணா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கண்ணீரோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

"பாத்து இறங்குங்க, படி ஈரம்" என்று மட்டும் சொன்னாள். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.