கொழுந்தனுக்குப் பிடிபடாத கடவுச்சொல்

கொழுந்தன் வந்துவிட்டுப் போனால் நாற்காலி உயர்ந்திருக்கும். அவன் ஆறடி. உட்கார்ந்ததும் கீழே கைவிட்டு, தன் முழங்காலுக்குத் தோதாக ஏற்றிக்கொள்வான். போகும்போது இறக்கிவிட்டுப் போகவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதன்பிறகு அண்ணி வந்து உட்கார்ந்தால் கால் இரண்டும் தரையில் படாமல், ஊஞ்சலில் ஏற்றிவிட்ட பிள்ளைக்குத் தொங்குவதுபோலத் தொங்கும். குனிந்து தடவி, அந்தக் கம்பியைக் கண்டுபிடித்து அமுக்கினால் நாற்காலி புஸ்ஸென்று இறங்கும். ஒன்பது வருடமாக அந்தப் புஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒன்றைக்கூட மறக்கவில்லை.

வீட்டுக்கு மூத்தவரைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அண்ணி. கீழ்வீட்டுக்காரர்களும், புத்தகம் தட்டச்சுச் செய்யக் கொண்டுவருகிறவர்களும்கூட அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பதினாலு வருடம் ஓர் அச்சகத்தில் தமிழ் அடித்தவள். இப்போது வீட்டிலேயே, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஜன்னலோரம் போட்ட மேசையில் அதே வேலை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து ஒரு பத்தி அடித்து முடிப்பாள். பால் பொங்குவதற்குள் எழுந்து போவாள். விசைப்பலகையில் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. கீழே பார்த்து அடிக்கிற வழக்கம் இல்லாததால் அது அவள் கண்ணில் பட்டதேயில்லை.

கொழுந்தனுக்கு ஏதோ ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை மேய்க்கிற வேலை. அண்ணியின் கம்ப்யூட்டரையும் அவன்தான் வாங்கி வந்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தான். கொடுக்கும்போதே நிர்வாகிக் கடவுச்சொல் ஒன்றைப் போட்டுத் தன் வசம் வைத்துக்கொண்டான். "உங்க நல்லதுக்குத்தான் அண்ணி." அதன்பிறகு ஒரு புது எழுத்துரு சேர்க்கவேண்டும் என்றாலும் அவனுக்குப் போன் போடவேண்டும். "ஞாயித்துக்கிழம வரேன் அண்ணி" என்பான். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்கக்கூடாது. வந்தால் நாற்காலி அவனுக்கு. அண்ணி பின்னால் நிற்கவேண்டும். கை துடைக்கிற துணியோடு நின்றபடி தன் மேசையைத் தானே எட்டிப்பார்க்கவேண்டும். பிரிண்டரில் காகிதம் தீர்ந்திருந்தாலும் சரி, எலி வயரைக் கடித்திருந்தாலும் சரி, அவன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்கதான் எதையோ தொட்டிருப்பீங்க."

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது.

கம்ப்யூட்டர் முக்கி முனகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னதற்கு, அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் துடைத்து, மறுபடி விண்டோஸ் போட்டுக் கொண்டுவந்தான். தூக்கும்போது வாசலிலேயே மறித்துக் கேட்டாள்.

"தம்பி, உள்ள இருக்கிறதெல்லாம் எடுத்து வெச்சுடுவீங்கல்ல? வாத்தியார் அடிக்கக் குடுத்த புத்தகம் முடியப்போகுது."

"எனக்கே சொல்லித் தரீங்களா அண்ணி?"

திரும்பி வந்தபோது திரை பளிச்சென்று இருந்தது. கழுவி வைத்த தட்டைப் போல. வாத்தியார் புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் இல்லை. பழைய வேலைகள் எதுவும் இல்லை. "முக்கியமானத எல்லாம் டெஸ்க்டாப்ல வெச்சா எப்படி அண்ணி? நான் டி டிரைவ மட்டும்தானே எடுத்து வெச்சேன்" என்று அவளையே கேட்டான்.

அந்த மாதமே நாத்தனார் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிட்ட அன்று, அதை ஒரு கதையாகச் சொன்னான். "அண்ணி டெஸ்க்டாப்ப நீங்க பாக்கணுமே. துணி காயப்போட்ட மொட்டமாடி மாதிரி இருக்கும். காத்தடிச்சுது, போச்சு!" நாத்தனார் தண்ணீர் புரையேறச் சிரித்தாள். அண்ணியின் வீட்டுக்காரரும் சிரித்தார். தண்ணீர் மீட்டர் அளவு எடுக்கிற வேலை அவருக்கு. எந்தப் பக்கமும் சண்டை வேண்டாம் என்று வாழ்கிற மனிதர். எல்லோரும் சிரிக்கும்போது தனியாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அவருக்குச் சிரமம். அண்ணி சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாயடியில் நின்று தேய்க்கும்போது, இவனுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறேன் என்று தட்டிடம் சொன்னாள். சத்தமாகவே.

வாத்தியாரின் கையெழுத்துப் பிரதி பத்திரமாக இருந்ததால் முதலிலிருந்து அடித்தாள். நாற்பது நாள் ஆனது. அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நூலகத்தில் ஒரு பழைய அகராதி பார்க்கப் போனவள் அங்கே இருந்த கம்ப்யூட்டர்களைக் கவனித்தாள். தன்னுடையதைவிடக் கிழட்டுப் பெட்டிகள். ஆனால் முனகாமல் ஓடின. இதில் ஓடுவதும் விண்டோஸ்தானா என்று நூலகரம்மாவிடம் கேட்டாள். அவளுக்கும் ஏறக்குறைய அண்ணியின் வயதுதான். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்குமேல் தேவையில்லாத இடத்தில் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறவள்.

"லினக்ஸ்."

"கெட்டுப்போனா யாரக் கூப்பிடுவீங்க?"

"யாரும் வரமாட்டாங்க. நாமளே படிச்சுப் பாத்துக்கணும்."

"அப்படியா" என்றாள் அண்ணி. வாயில் கற்கண்டு போட்டதுபோல இருந்தது. "விண்டோஸ்ல பெரிய ஆளா இருக்கிறவங்க இதுல வந்து உக்காந்தா?"

"அவங்கதான் ரொம்பத் திணறுவாங்க. எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு இருக்கும்ல."

அன்றைக்கே ஒரு பென்டிரைவில் லினக்ஸை வாங்கிக்கொண்டு வந்தாள். அதோடு நூலகரம்மா கைப்பட எழுதிக்கொடுத்த அரைப் பக்கக் குறிப்பு ஒன்று.

அவசரப்படவில்லை. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பதைத் தொடாது என்று குறிப்பில் இருந்தது. பொத்தானை அமுக்கியதும் கம்ப்யூட்டர் விடுகிற முதல் மூச்சிலேயே ஒரு விசையைத் தட்டவேண்டும். கொஞ்சம் பிந்தினால் விண்டோஸ் வந்து நின்றுவிடும். நான்காவது முறைதான் பிடிபட்டது. நிர்வாகிக் கடவுச்சொல்லை யாரும் கேட்கவேயில்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவன், சுவர் திறந்திருப்பதைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம், கணவர் வேலைக்குப் போனபிறகு, ஒத்திகை. அவள் விரல் பழகிய தமிழ்99 விசைப்பலகை முறை அதில் இருந்தது. விரல் போன இடத்தில் எழுத்து வந்தது. பிரிண்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வழிக்கு வந்தது. வாத்தியார் புத்தகம் திறந்தது, ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருநூற்றுப் பத்தொன்பதாக ஊதியிருந்தது. எழுத்துரு வேறு. பழைய எழுத்துருவைத் தானே சேர்த்தாள். யாருக்கும் போன் போடாமல், யாரையும் நாற்காலியில் உட்காரவைக்காமல். பக்கங்கள் பழையபடி இளைத்தன. எழுந்து போய்க் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை. புத்தகத்தை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை அரிசி டப்பாவிலும் ஒன்றைப் பீரோவிலும் வைத்தாள். பிறகு நிறுவ ஆரம்பித்தாள். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா, வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் போடலாமா என்று கேட்டது.

"பக்கத்துல அதுவும் இருக்கட்டுமே" என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"இருக்கட்டும்னுதான் ஒம்பது வருஷம் இருந்தேன்" என்று சொல்லி, முழுவதையும் அழிப்பதையே தேர்ந்தெடுத்தாள். கொழுந்தனின் நிர்வாகிக் கணக்கு அதற்குள்தான் எங்கோ இருந்தது. எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை திரையில் மெல்ல நீள நீள, அது எந்த இடத்தில் செத்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நடுவே கடவுச்சொல் கேட்டது. இதற்குப் பதில் அவளிடம் இரண்டு மாதமாகத் தயாராக இருந்தது. விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு, இடைவெளி விடாமல் அடித்தாள்: எதையோதொட்டிருப்பீங்க. திரையில் வெறும் புள்ளிகள். கொழுந்தனுக்குத் தமிழில் அடிக்கத் தெரியாது. தமிழ்ச் செய்தியைக்கூட ஆங்கில எழுத்தில்தான் அனுப்புவான். இனி அவன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையே அவனை வாசலில் நிறுத்தும். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முடிந்து, மறுபடி உயிர்பெற்றது. அழகான திரை. கீழே கடவுச்சொல்லுக்கு ஒரு பெட்டி. அடித்தாள்.

தவறு என்றது.

மறுபடி. நிதானமாக. தவறு. மூன்றாம் முறை ஒவ்வொரு விரலாக வைத்து அடித்தாள். தவறு. தன் வீட்டுக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறாள். இப்போது யாரைக் கூப்பிடுவது? கூப்பிட ஒரே ஆள்தான் உண்டு. கூப்பிட்டால் சாகும்வரை அவனுக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்துவிடும்.

"தம்பிக்கு ஒரு போன் போடவா?" என்றார் கணவர்.

"போட்டீங்கன்னா பாருங்க."

ஆனால் மனிதர் பால்கனிக்கு நழுவி, போட்டேவிட்டார். நல்லெண்ணம்தான். அதைத்தான் மன்னிக்கமுடியாது. பேசிக்கொண்டே வந்து போனை அவள் முன் நீட்டினார். கொழுந்தனின் சிரிப்பு மேசை வரை கேட்டது.

"என்ன அண்ணி, லினக்ஸா? அதெல்லாம் கறுப்புத் திரையில எழுத்தெழுத்தா அடிக்கிறவங்களுக்கு. நீங்க எங்க அங்க போனீங்க? நாளைக்குக் காலையில வந்து பழையபடி விண்டோஸே போட்டுத் தரேன். எனக்கும் ஒரு அப்ளிகேஷன் பிரிண்ட் எடுக்கணும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"வாங்க தம்பி" என்றாள் அண்ணி.

இந்த முறை நிச்சயம் வருவான். இப்படி ஒரு வேடிக்கையை யார் விடுவார்கள்? நாத்தனாருக்கு இந்நேரம் சொல்லியிருப்பான்.

போய் முகம் கழுவினாள். வெங்காயம் உரித்தாள். கத்தி நின்றது. அச்சகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. விசைப்பலகை ஆங்கிலத்தில் இருப்பது தெரியாமல், கைப்பிரதியில் கண்ணை வைத்துக்கொண்டு மடமடவென்று தமிழ் அடிப்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் அரைப் பக்கத்துக்கு ஆங்கிலக் குப்பை கிடக்கும். குப்பை கிடப்பதால்தான் தவறு தெரியும். ஆனால் கடவுச்சொல் பெட்டியில் தெரிவது புள்ளி. தமிழுக்கும் புள்ளிதான், ஆங்கிலத்துக்கும் புள்ளிதான்.

வெங்காயக் கையோடு ஓடி வந்தாள். திரையின் மூலையில், கவனிக்காமல் விட்டிருந்த இடத்தில், விசைப்பலகை இங்கே ஆங்கிலத்தில்தான் என்று சொல்லும் இரண்டெழுத்து சின்னதாக நின்றுகொண்டிருந்தது. அதைத் தட்டினாள். கீழே தமிழ் என்று ஒரு வரி இறங்கியது. தேர்ந்தெடுத்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, விரல்களை விட்டாள்.

திறந்தது.

ஓவென்று கத்தவில்லை. அரிசி டப்பாவிலிருந்த புத்தகத்தை உள்ளே ஏற்றி, கடைசி அத்தியாயத்தைத் திறந்து வைத்துவிட்டு, மூலையை மறுபடி ஆங்கிலத்துக்கே மாற்றி, பூட்டினாள். அப்படியே இருக்கட்டும். வருகிறவனுக்கு.

"சரியாயிடுச்சா?" என்றார் கணவர் பயந்துபோய். "அப்போ தம்பிய வரவேணாம்னு சொல்லிடவா?"

"ஏன்? வரட்டும். பிரிண்ட் எடுக்கணும்னாரே."

மறுநாள் காலையில் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்தான். உட்கார்ந்தான், நாற்காலியை ஏற்றினான், கால் நீட்டினான். அண்ணி வழக்கம்போல் பின்னால் நின்றாள். கணவர் கதவு நிலையில் சாய்ந்திருந்தார்.

"பாஸ்வேர்டு என்ன அண்ணி?"

"நீங்க எப்பவும் சொல்றதுதான் தம்பி. எதையோ தொட்டிருப்பீங்க. சேத்து அடிங்க."

அவன் கழுத்து லேசாகத் திரும்பியது. பிறகு, பெரிய மனதோடு சிரித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் அடித்தான். தவறு. எழுத்தைக் கூட்டி அடித்தான். தவறு.

"தமிழ்ல தம்பி."

விசைப்பலகையைக் குனிந்து பார்த்தான். எழுத்து இருந்த இடமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. ஒரு விரலால் ஒன்றைத் தொட்டான், இன்னொன்றைத் தொட்டான், புள்ளிகள் வந்தன. எங்கெங்கோ அமுக்கினான். திரை இருண்டு, மறுபடி வந்து, மறுபடி அதே பெட்டியைக் காட்டியது.

"என்ன அண்ணி இது, ஒண்ணுமே ஆகமாட்டேங்குதே?"

அண்ணி துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள். நன்றாக, விரலிடுக்கு வரை.

"நீங்கதான் எதையோ தொட்டிருப்பீங்க தம்பி."

கணவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து, மூக்கு வழியாக வந்துவிட்டது. கொழுந்தனின் காது மடல் சிவப்பதை அண்ணி பின்னாலிருந்து பார்த்தாள். நாத்தனார் வீட்டில் கேட்ட அதே சிரிப்புதான். இன்று அது வேறு ஆள்மேல் விழுந்தது. பாவமாக இருக்குமோ என்று தன்னுள் தேடிப் பார்த்தாள். இல்லை.

"எழுந்திரிங்க."

எழுந்தான். அவள் உட்கார்ந்து, அவசரமில்லாமல் குனிந்து, கம்பியை அமுக்கினாள். புஸ்ஸென்று இறங்கியது. கால் தரையில் பதிந்தது. மூலையில் ஒரு தட்டு, விரல்கள் ஓடின, கண்ணைக்கூட மூடவில்லை, திரை திறந்து வாத்தியார் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் வந்து நின்றது.

"அந்த அப்ளிகேஷன மட்டும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன் அண்ணி" என்றான், பென்டிரைவை நீட்டியபடி. குரலில் பழைய ஏற்றம் இல்லை.

அதை வாங்கி மேசையில் வைத்தாள்.

"எடுக்கலாம் தம்பி. இன்னும் நாலு பக்கம் இருக்கு, முடிச்சுடறேன்" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "அதுவரைக்கும் அப்படியே நில்லுங்க. எதையும் தொடாதீங்க."