அந்தோணியார் இருந்த இடத்தில் விஜிலா

மணப்பாட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவன் நான். எங்கள் ஊரில் படகுக்குப் புனிதர் பெயர்தான் வைப்பார்கள். மனுஷர் பெயரைக் கடல் மதிக்காது என்று ஒரு நம்பிக்கை. அதை மீறியவர் ஜேசுபாதம். அவர் மகள் விஜிலா இந்திய கிரிக்கெட் அணிக்காக முதல்முறை பந்து வீசினாளே, அதற்கு மறுநாளே என்னிடம் வந்துவிட்டார்.

"ஏலே மெல்வினு, அந்தோணியார அழிச்சிட்டு எம்புள்ள பேர எழுதுல."

எழுதினேன். ஊரே கைதட்டியது. பங்குச் சாமியார் வந்து படகை மந்திரித்துக் கொடுத்தார். அன்றைக்கு ஒருவனும் எதிர்த்து வாயைத் திறக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

விஜிலா பந்து போடப் பழகியது கடற்கரையில். அலை வந்துபோன ஈர மணலில் கால் வழுக்கும். குதிகாலை ஓங்கி ஊன்றினால்தான் பந்துக்கு வேகம் கிடைக்கும். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் போடுவார்கள். மணல் அந்த உதையை வாங்கிக்கொள்ளும். கெட்டித் தரை வாங்குமா? அத்தனையும் முட்டிக்கு ஏறியது. பயிற்சியாளர்கள் மாற்றச் சொன்னார்கள். மாற்றிப் போட்டாள், வேகம் போயிற்று. வேகம் இல்லாதவளை யார் கூப்பிடுவார்கள்? மறுபடி பழையபடியே ஊன்றினாள். இந்தியாவுக்கு ஆடிய மூன்றாவது ஆட்டத்தில் பந்தைப் போட்ட இடத்திலேயே விழுந்தாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் வழுக்கிவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

ஆபரேஷன், கட்டு, நடைப் பயிற்சி என்று காலம் ஓடியது. அதற்குள் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். ஆம்பிளைப் பையன் என்றால் ஊருக்கு ஊர் போட்டி, கம்பெனி டீம் என்று எங்கேயாவது ஒட்டிக்கொள்வான். பெண்ணுக்கு இருப்பது ஒரே கதவு.

போதாக்குறைக்கு அந்த வருஷம் மீனும் இல்லை. படகில் பங்கு வைத்திருக்கும் இனிகோ ஆரம்பித்தான்: "புனிதர இறக்கிட்டுப் பொம்பளப்புள்ள பேர ஏத்துனா இப்படித்தாம் ஆவும்." பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கடலில் மீன் இல்லாததற்கு அவள் முட்டி என்னடா செய்யும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் பெயிண்ட் டப்பாவை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

ஜேசுபாதம் கெஞ்சினார். "சிலுவத் திருவிழா வரைக்கும் பொறுங்கல. சென்னையில தேர்வுக்குப் போயிருக்கா. எடுத்துட்டாவன்னா பேரு இருக்கட்டும். இல்லன்னா அழிச்சிருவோம்."

விஜிலா திரும்பி வந்தாள். தேர்வில் ஓங்கி ஊன்றியதில் முட்டி மறுபடி வீங்கியிருந்தது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு படகடியில் உட்கார்ந்திருப்பாள். மணி அடித்தால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒன்றாகத் தூக்கிவாரிப்போடும். திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்றைக்கு அணியை அறிவித்தார்கள். அவள் பெயர் இல்லை.

மறுநாள் அவளே உப்புத்தாளோடு வந்துவிட்டாள்.

"அப்பா வரமாட்டாவ. அந்தோணியாரு பேர நீங்க எழுதிருங்கண்ணே."

"ஏளா, நாந் தேய்க்கேன். நீ வீட்டுக்குப் போ."

"எம்பேருதானண்ணே. நானே தேய்க்கேன்."

மடக்க முடியாத காலை மணலில் நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தாள். நல்ல பெயிண்டாக வாங்கி அழுத்தி எழுதியிருந்தேன், லேசில் போகவில்லை. அவள் தேய்த்து முடிக்கிறவரை என்னால் பிரஷைத் தொட முடியவில்லை.

திருவிழா முடிந்து முதல் தடவை கடலுக்குப் போன படகு, நிறைய சீலா மீனோடு கரைக்கு வந்தது. இனிகோ அந்தோணியார் பெயரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். ஊர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. இனி எந்தப் பெண்ணின் பெயரை எந்தப் படகில் எழுத விடுவார்கள்?

கூடை தூக்க விஜிலாவும் நொண்டிக்கொண்டே வந்தாள். மீனைப் பார்த்தாள்.

"பாத்தியளாண்ணே, நான் வெளிய போனதும் டீம் ஜெயிச்சிட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஜேசுபாதம் மட்டும் மீனைப் பார்க்காமல் மகளின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.