ஆரத்தி எடுத்த கை

எட்டாவதுக்கு மேல் படிக்காத நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆயாவாக இருந்தேன். என் கணவர் பட்டாளத்துக்குப் போய், பர்மா சண்டையில் இறந்துபோனார். எங்கள் டிரில் மாஸ்டர் அதே சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவர். ஒரு சுதந்திர தினத்தன்று அவருக்குப் பாராட்டு வைத்தார்கள்.

ஆரத்தி கரைத்தது நான்தான். ஹெட்மாஸ்டரின் மனைவி வந்து தட்டை எடுத்ததும், தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். புருஷன் இல்லாதவள் எதிரில் நிற்கலாமா?

டிரில் மாஸ்டர் மேடை ஏறாமல் நின்றார். "அக்கா எடுக்கட்டும் சார்," என்றார்.

ஹெட்மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "நல்ல காரியங்க. அந்தம்மா கையால வேண்டாமே. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றார்.

"பர்மாவுல குண்டு போட்டே சாகல சார். மஞ்சத் தண்ணியிலயா சாகப் போறேன்?" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பி, "வாங்கக்கா. இது அவருக்கும் சேர்த்துத்தான்," என்றார்.

ஹெட்மாஸ்டரின் மனைவியே தட்டை என்னிடம் நீட்டினார். மூன்று சுற்று சுற்றி, டிரில் மாஸ்டர் நெற்றியில் பொட்டு வைத்தேன். என் கணவர் திரும்பி வந்திருந்தால் வாசலில் நிறுத்தி இப்படித்தான் எடுத்திருப்பேன்.

என் கை ஆகாத கை என்று ஊரைவிட நான்தான் அதிகம் நம்பியிருந்தேன் போலிருக்கிறது.

மறுநாள் காலை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும் முன்பே டிரில் மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.