லார்ச் மேட்டு அடிவாரத்தில் ஒரு வாளி டோனட்

லெஸ்டர் கிம்பல் 1896இல், பதினெட்டு வயதில், வடக்கு மினசோட்டாவின் ரயில் கிளைப்பாதையில் இஞ்சின் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஐந்து ஆண்டு துடைத்தார். ஒன்பது ஆண்டு கரி அள்ளிப் போட்டார். 1910 மே மாதம் டிரைவரானபோது, அப்போதுதான் புதிதாக வந்திறங்கிய 214ஆம் எண் இஞ்சின் அவர் கைக்கு வந்தது. அதன்பின் இருபத்தோரு ஆண்டில் அவர் வேறு இஞ்சின் ஓட்டியது பதினொரு நாள்தான். அந்தப் பதினொரு நாளும் 214இன் கொதிகலன் பழுதுபார்க்கப் போயிருந்தது. அதை அவர் ‘அது’ என்று சொன்னதே இல்லை, ‘அவ’தான்.

1931 அக்டோபரில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மரம் ஏற்றிய பத்தொன்பது வண்டிகளை 214 லார்ச் மேட்டில் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அவள் பழைய இரும்பு. 8ஆம் தேதி வியாழக்கிழமை காலை, ராய்ஸ்டன் என்ற இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தோடு இஞ்சினில் ஏறி நின்றார்.

மேடு இரண்டே முக்கால் மைல். அடிவாரத்துக்கு முன்பே மணிக்கு முப்பது மைல் வேகம் பிடித்து, அந்த ஓட்டத்திலேயே ஏறிவிட வேண்டும். லெஸ்டரும் முப்பது பிடித்துவிட்டார். அடிவாரத்தில் இங்கா லிண்ட்க்விஸ்ட்டின் பண்ணை வந்தது. வியாழன்தோறும் இங்கா சுடச்சுட டோனட் நிறைத்த வாளியை நீட்டுவாள். இஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் ஹார்லன் அதை வாங்கிக்கொண்டு நகரத்துச் செய்தித்தாளை வீசுவான். பதினான்கு வருஷப் பழக்கம். மற்ற வியாழன்களில் ஏழெட்டு வண்டிதான் இருக்கும். வேகம் குறைந்தாலும் கேடில்லை.

லெஸ்டரின் கை தானாக நீராவியை அடைத்தது, தானாக பிரேக்கைப் பிடித்தது. வாளி உள்ளே வந்தது. செய்தித்தாள் வெளியே போயிற்று. அதன் பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பெரியவரே, என்ன காரியம் பண்ணிட்டீங்க?”

“நீ மட்டும் என்ன, வாளிய வாங்காமயா இருந்த?”

வேகம் ஆறு மைல். ராய்ஸ்டன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

லெஸ்டர் சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைக்கத் தண்டவாளத்தில் மணலை விட்டு, நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஹார்லன் பேச்சை நிறுத்திவிட்டுக் கரியைச் சின்னச் சின்ன அள்ளலாகத் தூவினான். ஒருமுறை சக்கரம் வழுக்கிச் சுழன்றது. உடனே நீராவியைக் குறைத்து, மறுபடி பிடித்தார். பாதி மேட்டில், கூடவே நடந்துவரும் ஆள் முந்திவிடலாம் போலிருந்தது. லெஸ்டர் நெம்புகோலைத் தட்டிக்கொடுத்தார்.

“மெதுவாவே போ தாயி. நமக்கென்ன அவசரம்?”

அவள் அவசரப்படவில்லை, நிற்கவுமில்லை. முப்பத்தொரு நிமிஷத்தில் பத்தொன்பதாவது வண்டியும் உச்சி தாண்டியது.

அடிவாரத்தில் ஏன் வேகத்தைக் குறைத்தீர்கள் என்று ராய்ஸ்டன் கேட்டார். தண்டவாளத்தில் ஒரு மாடு நின்றதாகச் சொல்ல ஹார்லன் வாயெடுத்தான். லெஸ்டர் முந்திக்கொண்டார்.

“வியாழக்கிழமை சார். டோனட் நாள். எம் புத்தி அங்க போயிடுச்சு. தப்பு என்னோடது, அவளோடது இல்ல.”

ராய்ஸ்டன் வெகுநேரம் எழுதினார். பிறகு வாளிப் பக்கம் கையை நீட்டினார்.

அறிக்கையில் டோனட் இல்லை. ‘ஓட்டம் எடுக்காமலேயே பத்தொன்பது வண்டிகளையும் ஏற்றியது, தொடர்ந்து ஓடத் தகுதியானது’ என்று மட்டும் இருந்தது. 214 இன்னும் எட்டு ஆண்டு, லெஸ்டர் ஓய்வு பெறும்வரை ஓடியது. அந்த எட்டு ஆண்டில் ராய்ஸ்டன் இருபத்தாறு முறை சோதனைக்கு வந்தார். இருபத்தாறும் வியாழக்கிழமை.