கிழித்து வாங்கிய கவர்கள்

கொசுவலை என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் மேலே இருப்பவர்கள் மேல் வரும், அப்புறம் ஊர்க்காரர்கள் மேல் வரும், கடைசியில் என் மேலேயே வந்து நிற்கும். இந்த மூன்றாவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் கிராம சுகாதார செவிலியர். வீடு கடத்தூரில், வேலை சித்தேரி மலையில். காலையில் மலை பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, அரை மணி நேரம் நடந்தால் என் பொறுப்பில் இருக்கிற கடைசி ஊர் வரும். சின்ன ஊர். நான் தடுப்பூசி போட்ட பெண் குழந்தைகள் இப்போது தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஊசிக்கு வருகிறார்கள். எனக்குக் குரல் பெரிசு. "நர்சம்மா வர்ற சத்தம் பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடியே கேக்கும்" என்று அங்கே கிண்டல் செய்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த ஊரில் ஒரு பெண். இருபத்தோரு வயசு. புருஷன் போர்வெல் வண்டியில் வேலை, மாசத்தில் பாதி நாள் வெளியூர். முதல் பிள்ளை ஏழாம் மாசம் வயிற்றிலேயே போய்விட்டது. நல்ல காய்ச்சல், மழை, மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்தது, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எந்தக் காய்ச்சல் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மறுபடியும் உண்டாகி ஐந்தாம் மாசம் நடக்கும்போது, எடை பார்க்க நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதாச்சும் நிக்குமா நர்சம்மா?"

"நிக்கும் கண்ணு. நான் இருக்கறேன்ல" என்றேன்.

மனசாரத்தான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, வெளி மாநிலத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்த ஒருவர் நடுங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியா. அவருக்கு மாத்திரை கொடுத்துச் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் அவரைக் கடித்த கொசு அங்கேயேதானே சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. ஊர் முழுக்கப் பார்க்க வேண்டியவள்தான் நான். இருந்தாலும் எனக்கு இருந்த கவலையெல்லாம் அந்த ஒரு வயிறுதான்.

மருந்து தோய்த்த கொசுவலைகள் ஜீப்பில் வந்து இறங்கின. கூடவே உத்தரவும் வந்தது. வலையைக் கவரோடு கொடுக்கக் கூடாதாம். கொடுத்தால் சந்தையில் விற்றுவிடுவார்களாம். அங்கேயே கவரைக் கிழித்து, வலையை மட்டும் கையில் கொடுத்து, கிழித்த கவர் ஒன்று விடாமல் கீழே கொண்டுவர வேண்டும். வலையைக் கட்டி, குடும்பத்தை அதற்குள் உட்காரவைத்து, போட்டோ எடுத்து, அன்றைக்கே செயலியில் ஏற்றவும் வேண்டும். அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறைமேல். ஏறி நின்றால் போன் அடிக்கும். எடுத்தால், "எத்தன வூடு முடிஞ்சுதும்மா, இன்னும் எத்தன இருக்குது?" என்று மேலதிகாரி. போட்டோ ஏற்றுவதற்கு முன்னால் கேள்விக்குப் பதில் சொல்லியே சார்ஜ் தீர்ந்தது.

கட்டில் கிடையாது, வலை கட்டக் கம்பு கிடையாது. கூரை எரவாணத்தில் ஒரு முனை, கதவு ஆணியில் ஒரு முனை என்று நானே முடிச்சுப் போட்டேன். உள்ளே ஏழு பேர் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிரிங்க என்றால் சிரிக்கிறார்கள், பாருங்க என்றால் போனைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வீடு இதே கூத்து. எனக்கு மூன்று மணி பஸ் போய்விடுமே என்று அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டில் கவரைக் கிழிக்கும்போது அவளுடைய மாமியார் கையை நீட்டினார். அவருக்கும் என் வயசுதான் இருக்கும். சாமைக் காடு, மாடு, வீடு எல்லாம் அவர் பொறுப்பு.

"அந்தக் கவரக் குடுங்க நர்சம்மா. கெட்டியா இருக்குது. ரேசன் கார்டு போட்டு வெக்கறதுக்கு ஆவும்."

"அதெல்லாம் கேக்காதீங்க. மேல எனக்குத்தான் திட்டு வுழும்" என்று பிடுங்கி சாக்கில் போட்டேன். "இன்னிக்கே கட்டிப் படுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

எல்லா வீட்டிலும் அதையேதான் சொன்னேன். இன்றைக்கே கட்டுங்கள், இன்றைக்கே.

அடுத்த வாரம் போனேன். ஒரு வீட்டிலும் வலை இல்லை. ஒன்று கோழிக் கூண்டுமேல் கிடந்தது. ஒன்று தக்காளி நாற்றுமேல் விரித்திருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டு வலை, பின்பக்கம் புளியமர நிழலில், கீரைப் பாத்தியைக் கோழி கிளறாமல் இருக்க நான்கு குச்சியில் கட்டப்பட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"கீரைக்கா மலேரியா வருது? இல்ல கோழிக்கு வருதா? இத தூக்கிக்கிட்டு வர நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா?"

மாமியார்தான் நிதானமாகச் சொன்னார்.

"அதுல வெசம் இருக்குதுங்க. பக்கத்து வூட்டுப் பையன அன்னிக்கே அதுல படுக்க வெச்சாங்க. காலைல மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. கண்ணு எரியுதுன்னு நாளெல்லாம் அழுவறான்."

நான் அந்தப் பையனைப் போய்ப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். அதற்குள் ஒரு வாரம் ஆகியிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்று வயசுப் பையன், மாவடு கடித்துக்கொண்டு நின்றான். "வேர்க்குருவா இருக்கும். புள்ளைய ஒழுங்கா குளிக்க வெச்சா வராது" என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். பக்கத்தில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்கப்புறம் அவள் என்னோடு சரியாகப் பேசியதே இல்லை.

நல்லதைச் சொன்னால் கேட்காத ஜனம் என்று பஸ்ஸில் கண்டக்டரிடம் புலம்பினேன். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "எல்லா ஊருலயும் அப்டித்தாங்க" என்றார். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

ஆனால் அந்தப் பெண்ணை விட மனசில்லை. ஆறாம் மாசம் முடியப் போகிறது. மிச்சமிருந்த ஒரு புது வலையை எடுத்துக்கொண்டு போய், அவள் கண்ணெதிரே கவரைப் பிரித்து நானே கட்டினேன். அவள் தன் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மாமியார் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன்.

"இன்னிக்கு இதுல நீ படுக்கலன்னா, உன் செக்கப் கார்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பறம் ஆஸ்பத்திரில ஏன்னு கேட்டா நீயே சொல்லிக்க."

கையெழுத்துப் போடாமல் இருக்க எனக்கு உரிமை கிடையாது. அது அவளுக்குத் தெரியாது. வெறும் மிரட்டல். படுக்கறேன் நர்சம்மா என்று தலையை ஆட்டினாள்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். அவள் இரண்டு கண்ணும் சிவந்து, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தாள். வாந்தி எடுத்திருக்கிறாள். கன்னத்தைத் தொட்டால் எரிகிறது என்றாள். வலையைக் காணோம். மாமியார் இந்தத் தடவை மாட்டைப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதான் படுத்தா. எங்களுக்கும் பயம்தான், இருந்தும் உங்களுக்குப் பயந்துக்கிட்டுப் படுத்தா. வயித்துல இருக்கற புள்ளைக்கு எதனா ஆச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?"

இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் நான் பதில் சொல்லாமல் திரும்பியது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் என் துணை சுகாதார நிலையத்துக்கு மேலிருந்து தகவல் வந்தது. கிழித்த கவர்களையெல்லாம் கட்டி ஒப்படைக்க வேண்டுமாம். ஐந்து வாரமாக மூலையில் கிடந்த சாக்கைக் கவிழ்த்தேன். மத்தியானம், ஆள் யாரும் இல்லை. கவர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது, எல்லாவற்றின் பின்பக்கமும் படங்கள் இருப்பதைப் பார்த்தேன்.

முதல் படத்தில் வலை மரத்தடியில் தொங்கியது. பக்கத்தில் ஒரு சூரியன், ஒரு நிலா. கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பிரித்த வலையில் மருந்து வீரியமாக இருக்கும், ஒரு முழு நாள் நிழலில் காற்றாட விட்ட பிறகுதான் அதில் படுக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணும் தோலும் எரியும்.

இரண்டாவது கவரை எடுத்தேன். அதிலும் அதே படம். பத்துப் பதினைந்து கவர் எடுத்துப் பார்த்தேன். வேறு ஏதாவது இருந்துவிடாதா என்று பார்த்தேனோ என்னவோ.

எங்களுக்குப் பயிற்சி ஒன்று வைத்தார்கள். அதில் பாதி நேரம் செயலியை எப்படித் திறப்பது என்பதுதான். வலையைப் பற்றியும் ஒருவர் பேசினார். அவர் பேசும்போது நான் மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருந்தேன். சொல்லியிருப்பார். சொல்லாமலா இருந்திருப்பார்.

அந்த ஊரில் இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, படம் பார்க்கத் தெரியாதா? சூரியனும் நிலாவும் போட்டால் ஒரு நாள் என்று யாருக்குப் புரியாது? சொல்ல வேண்டியதை நானும் சொல்லவில்லை, சொல்லியிருந்த கவரையும் கிழித்துச் சாக்கில் கட்டி எடுத்து வந்துவிட்டேன். அதுவும் மாமியார் கேட்டும் கொடுக்காமல். இதையெல்லாம் செய்துவிட்டு, மூன்று வயசுப் பையனைக் குளிப்பாட்டத் தெரியவில்லை என்று அவன் தாயைப் பேசியிருக்கிறேன். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். ஒரு கவரைக் கைப்பையில் வைத்திருந்தேன். மாமியார் வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நானே பக்கத்தில் உட்கார்ந்து கவரை நீட்டினேன்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். படத்தைக் காட்டி, எழுதியிருந்ததைச் சொன்னேன். வலையில் வைத்தது கொசுவைக் கொல்கிற மருந்துதான், ஒரு நாள் காற்றாடினால் மனுஷருக்கு ஒன்றும் செய்யாது, நான்தான் அன்றைக்கே படுக்கச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார். "சாமைய மூணு நாளு காயப்போடறோம். புளிய ஒரு வாரம் காயப்போடறோம். வலைய ஒரு நாளு காயப்போடறது எங்களுக்கு ஒரு வேலையா? அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா கட்டியிருப்போமே."

கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உள்ள போயி அவளப் பாருங்க" என்றார். "நேத்து சாயந்தரத்துல இருந்து குளுருது, குளுருதுன்னு நடுங்கறா. உங்களுக்கு ஆளு வுடலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

உள்ளே ஓடினேன். இரண்டு போர்வைக்குள் கிடந்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கையில் இருந்த மலேரியா சோதனை அட்டையில் சொட்டு விட்டேன். இரண்டு கோடு விழுந்தது. மலேரியா.

மத்தியானப் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவருடைய மினி வேனில் அவளைப் படுக்கவைத்து இறக்கினோம். வண்டி கிளம்பும்போது மாமியார் பின்பக்கம் ஓடினார். கீரைப் பாத்திமேல் கட்டியிருந்த வலையை அவிழ்த்து, உதறி, மடித்து எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். நான் கத்தித் தீர்த்த அதே வலை. ஐந்து வாரமாக நிழலில் காற்றாடியிருந்தது. எப்போதோ படுக்கத் தகுந்த மாதிரி ஆகியிருந்த வலை அது. அதே நிழலில், அவள் தலைமாட்டுக்குப் பத்தடி தள்ளி, இத்தனை நாளும் கீரையைக் காத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் எட்டாம் மாசம் தொடக்கத்திலேயே வலி கண்டுவிட்டது. பெண் பிள்ளை. உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை வைத்தால் முடிந்துவிடுகிற நீளம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மூன்று வாரம் கழித்துப் பிள்ளை அழுகிற சத்தம் வெளியே கேட்கிற அளவுக்குத் தேறியது. தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள்.

அந்த ஊரில் இப்போது பாதி வீட்டில் வலை கட்டுகிறார்கள். மீதிப் பாதியில் கோழிதான் சுகமாக இருக்கிறது. பையனின் அம்மாவிடம் போய் மன்னிச்சுக்கம்மா என்று சொன்னேன். சரிங்க என்று உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டு வலை இன்னும் தக்காளி நாற்றுமேல்தான் கிடக்கிறது. பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கத்த வாய் வருவதில்லை.

குழந்தைக்கு ஒன்றரை மாசத் தடுப்பூசி போட்ட அன்று, காய்ச்சல் வந்தால் கொடுக்கச் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். மாமியார் மட்டும் கையை நீட்டியபடியே நின்றார்.

"என்னாங்க வேணும்?" என்றேன்.

"அதோட அட்டப் பெட்டி எங்க?"

பைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"படிங்க" என்றார்.

மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நான் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து படித்தேன்.