சிரட்டைக்கால் ஆட்டம்

பெரியம்மாவின் ஆட்டக் குழுவில் சேர என்ன தகுதி வேண்டும் என்பதை ஏழு வயதில் நானாகவே கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பு சரியாக இருந்ததுதான் வில்லங்கமாகப் போயிற்று.

எங்கள் ஊரான உடையார்கட்டில் சின்னப் பிள்ளைகள் நாங்கள் சிரட்டை நடை விளையாடுவோம். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, துளையிட்டுக் கயிறு கோத்து, கயிற்றைக் கால்விரல் இடுக்கில் கவ்விக் கையால் இழுத்துப் பிடித்தபடி நடக்க வேண்டும். பெரியப்பா செத்த பிறகு எங்கள் வீட்டோடு வந்திருந்த பெரியம்மா, ஒருநாள் என் சிரட்டைகளில் ஏறிச் சீமெந்து முற்றத்தில் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு திருப்பித் தரவேயில்லை. அடுத்த கிழமை அவரோடு இன்னும் ஐந்து பேர் தட்டினார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள்.

பற்றரியும் மண்ணெண்ணெயும் கண்ணில் காணக் கிடைக்காத போர்க்காலம் அது. வாசிகசாலைப் பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி இல்லை. மத்தளக்காரரும் இடம்பெயர்ந்து போய்விட்டார். காலாலேயே தாளம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று பெரியம்மா தீர்மானித்துவிட்டார். விழாவை நடத்துகிறவர் பெரியம்மாவின் தம்பியான என் மாமா. அவர் தலையைச் சொறிந்தார்.

“ஆட்டம் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா நல்ல நாளிலை நீங்கள் முன்னுக்கு வந்து நிண்டால் சனம் கதைக்கும்.”

“அப்ப கடைசியா விடு,” என்றார் பெரியம்மா. “ஆனா ஏறுவம்.”

பயிற்சியில் சிரட்டைகள் பிளந்தன, முழங்கால்கள் வீங்கின. நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். என்னையும் சேர்க்கச் சொல்லி நான் காலைக் கையைப் பிடித்தேன். “உனக்கு இது வேண்டாம் பிள்ளை” என்று பெரியம்மா தட்டிக்கழித்தார். ஏன் சேரவில்லை என்று அம்மாவிடம் கேட்டதற்கு அகப்பைக் காம்பால் ஒன்று கிடைத்தது.

அதன் பிறகுதான் ஆராயத் தொடங்கினேன். ஆறு பேரில் நெட்டையும் இருந்தது, குட்டையும் இருந்தது. ஒருவருக்குக் காது கேட்காது. ஆனால் ஒருவர் நெற்றியிலும் பொட்டு இல்லை. அம்மாவின் நெற்றியிலோ பெரிய பொட்டு. விஷயம் விளங்கிவிட்டது.

விழாவன்று மேடைக்குப் பின்னால் அவர்கள் வரிசையாக நின்றபோது, நான் கிணற்றடிக்குப் போய் என் பொட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். புதிதாகக் கயிறு கோத்து வைத்திருந்த சிரட்டைகளோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றேன்.

“இப்ப நானும் வரலாம்தானே, பெரியம்மா?”

பெரியம்மாவின் கையிலிருந்த கயிறுகள் நழுவின. எதற்கும் அசையாத அந்த முகம் அப்படிக் கோணியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று போட்டார். பிறகு பொங்கல் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்துவந்து பெரியம்மாவிடம் நீட்டினார்.

“நீங்களே வையுங்கோ அக்கா.”

“என்ரை கையாலயோ?”

“உங்கடை கையாலதான்.”

பெரியம்மா என் நெற்றியில் வைத்தார். குங்குமம் மூக்கிலும் சிந்தியது. பார்த்துக்கொண்டிருந்த மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு கயிறுகளைப் பொறுக்கிக்கொண்டு பெரியம்மா மேடையேறினார். ஆறு பேரும் தட்டிய தட்டில் பலகை அதிர்ந்தது. நடுவில் பெரியம்மாவின் சிரட்டை ஒன்று பிளந்தது. அவர் நிறுத்தவில்லை, வெறுங்காலாலேயே தட்டினார். சனம் எழுந்து நின்று பார்த்தது.

நான் பார்க்கவில்லை. தகுதியோடு போய் நின்றவளைத் தள்ளிவிட்டார்களே என்று, அந்தப் பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மேடைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன்.