ரயிலை மிஞ்சிய குரல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சிங்கப்பெருமாள் கோவிலில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு ஒரு தொலைபேசி வந்தது. எடுத்தவர் டைம் ஆபீஸ்காரர். "சார், ஏழுமலைன்னு உங்களுக்கு யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா? தவறிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றார்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று நாளாக வலித்திருக்கிறதாம். வீட்டிலும் சொல்லவில்லை, ஆபீசிலும் சொல்லவில்லை. நாற்பது வயது கூட ஆகவில்லை. வாயைத் திறந்து கூப்பிடுங்கள் என்று இந்த மனிதரிடம் இரண்டு வருடம் தொண்டை வறளக் கத்தியவன் நான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழுமலை அண்ணன் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் சென்டர். ஆறடி ஐந்தங்குலம். கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். ப்ளஸ் டூ தேறியபின் நான்கு வருடம் அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தாம்பரம் வரும் பஸ்ஸில் கூரை இடிக்காமல் கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றவரை எங்கள் பி.டி. சார் பார்த்துவிட்டு, கூடவே இறங்கி, என்ன படித்திருக்கிறாய் என்று விசாரித்திருக்கிறார். அந்த ஜூன் மாதம் அண்ணன் பி.ஏ. முதல் வருடத்தில் உட்கார்ந்திருந்தார். வயது இருபத்திரண்டு. அதுவரை கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை.

நான் இரண்டாம் வருடம், பத்தொன்பது வயது, அணியின் கேப்டன். "ஹைட்டை நான் கொண்டாந்துட்டேன். ஆட்டத்தை நீ கொண்டா" என்று பி.டி. சார் அவரை என் தலையில் கட்டினார். வயதில் பெரியவர் என்பதால் நான் அண்ணா என்றேன். அவர் என்னைக் கேப்டன் என்றார். திட்டுவதைக்கூட, "மரம் மாதிரி நிக்கறீங்களே அண்ணா" என்று மரியாதையாகத்தான் திட்ட வேண்டியிருந்தது.

எனக்கு அவர் தேவைப்பட்டார், அதை மறைப்பதற்கில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியைப் பார்க்க ஒரு வங்கி அணியிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் வேலை. பம்மலில் தோல் பதனிடும் இடத்தில் உழைத்து அப்பாவின் கை வெந்துபோயிருந்தது. அந்த வேலை எங்கள் வீட்டுக்கு வேண்டும். ஐந்தடி ஆறங்குலமுள்ள நான் இறுதி ஆட்டம் வரை போக வேண்டுமென்றால், ரிங்குக்குக் கீழே ஒரு நெட்டை ஆள் வேண்டும்.

ஆள் கிடைத்தார். ஆட்டம்தான் வருவேனா என்றது. உயரத்தில் பந்தைப் பிடிப்பார், பிடித்த கையோடு வயிற்றுக்குக் கொண்டுவந்து அணைத்துக்கொள்வார். என்னைப் போன்ற குள்ளன்கள் சுற்றி நின்று பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன்.

"போட்டுல நிமிந்து நின்னா கவுந்துரும் கேப்டன். எது கைக்கு வந்தாலும் வயித்தாண்ட இழுத்துகினு குனிஞ்சிக்கணும். ஒடம்பு அப்படியே பழகிப்போச்சு."

"இது சிமென்ட் தரை அண்ணா. கவுறாது."

"தெரியுது. ஒடம்புக்குத் தெரியலையே."

இரண்டு கையாலும் ஒரு செங்கல்லைத் தலைக்கு மேல் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னேன். முகம் சுளிக்காமல் சுற்றினார். மறுநாள் ஆட்டத்தில் பந்து மறுபடி வயிற்றுக்குப் போனது. காட்டாங்குளத்தூரில் ஒரு ஆட்டத்தில் எதிரணிக்காரன் இவர்மேல் மோதி விழுந்தான். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனைத் தூக்கி நிறுத்தி, முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அதற்குள் அவர்கள் கூடை போட்டுவிட்டார்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் அவரோடு பேசவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, அவர் பந்து கேட்க மாட்டார். காலியாக நின்றாலும் கண்ணால்தான் பார்ப்பார். கடல் காற்றில் குரல் நிற்காது, அங்கே எல்லாம் கண் ஜாடைதான் என்பார். எனக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? எங்கள் கோர்ட்டை ஒட்டி ரயில் பாதை. காலையில் அவரை அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு நான் இந்தக் கோடியில் நிற்பேன். மின்சார ரயில் போகும்போது, அதை மீறி எனக்குக் கேட்கிறமாதிரி கூப்பிட வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வந்த குரலைக் கேட்டு முதல் நாள் அணியே சிரித்தது. பல மாதம் ரயிலோடு மல்லுக்கு நின்றார். நானும் அவரோடு காய்ந்தேன். என் கடைசி வருடம் முடிவதற்குள், ரயில் போகும்போதே "கேப்டன்!" என்ற குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது.

அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். வங்கிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சில விநாடிகள். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து என் கையில். அண்ணன் தன்னைத் தடுத்தவனை முதுகுக்குப் பின்னால் அடக்கிவிட்டு ரிங்குக்குக் கீழே நின்றார். நான் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையும் தலைக்கு மேலே. "கேப்டன்!" என்று கூப்பிட்டார்.

நான் பாஸ் கொடுக்கவில்லை. நானே எறிந்தேன். பந்து ரிங்கில் பட்டு வெளியே போனது. தோற்றோம்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது என் பின்னால் வந்து நின்றார்.

"நான் கூப்டது கேக்கலயா கேப்டன்?"

"கேக்கல அண்ணா."

"சத்தம் பத்தல போலகீது. என் தப்புதான். மன்னிச்சிக்கோ கேப்டன்" என்றார். மறுநாள் காலை அவர் தனியாக ரயில் பாதையோரம் நின்று கத்திக்கொண்டிருந்ததாகப் பையன்கள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. போய்த் தடுக்கவும் இல்லை.

எனக்கு வங்கி வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு கேப்டனிடம் அண்ணன் ஆடினார். அவன் பந்தைக் கொடுத்தான், இவர் போட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலையும் வந்தது. பொறாமையில் வெந்தேன். அவரோ ஒவ்வொரு பொங்கலுக்கும் பம்மல் வீட்டுக்கு வஞ்சிர மீனோடு வருவார். வாசலில் குனிந்து நுழையும்போதே, "இன்னா கேப்டன், சவுக்கியமா கீறியா?" என்பார். கேப்டன் என்ற அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். ஏன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லிவிட எனக்குப் பன்னிரண்டு பொங்கல் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் குப்பத்துக்குப் போனேன். படுக்க வைக்க ஒரு பெஞ்சு போதாமல் இரண்டை இழுத்துச் சேர்த்திருந்தார்கள். அவர் மனைவி தனலட்சுமி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"புள்ளைங்களாண்ட சொல்லிகினே இருப்பாருண்ணா. கூப்டறதுன்னா சத்தமா கூப்டணும், நான் ஒரு தபா மெதுவா கூப்ட்டு எங்க கேப்டனுக்கு பேங்க் வேலையே போச்சுன்னுவாரு. ஒவ்வொரு பொங்கலுக்கும் மீனை எடுத்துகினு கெளம்பும்போது அதான் பேச்சு. அப்படிச் சொன்ன மனுசன், தன் நெஞ்சு வலிக்கு யாரையும் கூப்டலையேண்ணா."

கூப்பிட்டும் பந்து வராததைப் பார்த்தவர் அவர். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

அண்ணனின் கைகளை வயிற்றின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். பழைய பழக்கம் எனக்கும் போகவில்லை. கையைத் தூக்குங்கண்ணா என்று வாய் வரை வந்துவிட்டது. மாலையை வைத்துவிட்டு, அவர் காதருகில் நான் குனிந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் விலகி நின்றார்கள். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், அவரைத் தெரிந்தவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

போய் வாருங்கள் அண்ணா. உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை. அன்று நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.